பிளேட்லெட்டுக்கு மேலே உள்ள வரி

மும்பையில் மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர் மாதத்தில், தாராவியில் இருக்கும் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் டெங்குக் காய்ச்சல் கண்டவர்களின் ரத்த அறிக்கைகளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார்கள். நான் ஆய்வகத்தில் ரத்தவியல் பிரிவில் வேலை செய்கிறேன். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, பிளேட்லெட் கொறஞ்சு போச்சே, ஏத்தணுமா?”

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணு. ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்தை முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அன்று. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணிந்து வீட்டார் நிம்மதி அடையும் அதே வேளையில், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிந்து மார்புக்கூட்டிலும் வயிற்றிலும் சேர, குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. அதைக் காட்டும் எண் ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பது; அறிக்கையில் பி.சி.வி. என்றும் இருக்கும். நோயாளியின் வழக்கமான அளவைவிட அது 20 விழுக்காடு ஏறினால் கசிவு நடக்கிறது என்று கொள்ள வேண்டும்.

அந்த ‘வழக்கமான அளவு’ நம் பெண்கள் பலருக்கு அறிக்கையில் அச்சிட்ட இயல்பு அளவு அன்று. சென்ற ஆண்டு ஓர் இளம்பெண்ணின் அறிக்கை வந்தது. பிளேட்லெட் 41,000, பி.சி.வி. 38. பின்னது இயல்பு என்றே அறிக்கை சொன்னது. ஆனால் அவருக்கு நெடுநாளாக இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உண்டு என்பது எனக்குத் தெரியும். பழைய அறிக்கையைத் தேடி எடுக்கச் சொன்னேன், அதில் பி.சி.வி. 30. அப்படியானால் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றம். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவின் மரபணு ஒன்றைத் தாங்குபவர்களையும் இந்த ‘இயல்பு’ இப்படியே ஏமாற்றும். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

கணவர் பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். பெரிய ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு, எண்ணிக்கை 20,000க்குக் கீழே போனாலும், முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றுவதால் ரத்தக்கசிவு குறைவதில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017இல் காட்டியது. (ரத்த மாதிரி எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இயந்திரம் பொய்யாகக் குறைத்து எண்ணுவதும் உண்டு. நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்காமல் அந்த எண்ணை வெளியே அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.)

மருத்துவர்கள் அந்தப் பெண்ணுக்குப் பிளேட்லெட் ஏற்றவில்லை, பி.சி.வி.யைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, அதற்கேற்பச் சலைன் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது பிளேட்லெட் 62,000தான், பி.சி.வி. 31க்கு இறங்கியிருந்தது.