சின்னத் துளைதான், ஆனால்…

அக்காவுக்கு முழங்காலில் ஆர்த்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, முடிந்திருந்தது. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்கிறாள், தொடை அசையவே இல்லை.

அவர் அவள் கையையே எடுத்துத் தொடைமேல் வைத்து, "இங்கே இறுகணும்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் முழங்கால் சில்லுக்கு மேலே தசை லேசாகத் துடித்தது.

அவ்வளவுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூட்டு வீங்கியிருந்தால் தொடையின் முன்தசைக்குப் போகும் நரம்புத் தூண்டலை உடம்பே குறைத்துவிடும். தயவுசெய்து யாரையும் 'மனசு வைக்கலை' என்று சொல்லாதீர்கள். வீக்கம் வடியணும், கால் முழுசாக நீளணும், அப்புறம்தான் பலம்.

ஆர்த்ராஸ்கோபியில் துளை சின்னதுதான். உள்ளே என்ன செய்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வில் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் சில நாளிலேயே ஊன்றி நடக்கலாம், அதையே தைத்திருந்தால் 4 முதல் 6 வாரம்வரை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள், ஏசிஎல் (முழங்காலை நிலையாகப் பிடித்து வைக்கும் தசைநார்) சீரமைப்பு என்றால் விளையாட்டுக்குத் திரும்பவே சுமார் 9 மாதம். தெரிந்தவர் செய்த பயிற்சியைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்.

தினமும் சென்டருக்குப் போக முடியாதவர்கள் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம், நடுநடுவே காட்டிக்கொண்டால் போதும். தசை ஒத்துழைக்கவில்லை என்றால் மின்தூண்டல் இருக்கிறது. புண் நன்றாக ஆறிய பிறகு தண்ணீருக்குள் நடப்பதும் உண்டு.

கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.