20 டெசிபெல் அட்டென்யுவேட்டரில் கோட்டை விட்டது

லேபுகளுக்கு இடையிலான ஒப்பீட்டுக்கு வந்தது 3.5 மி.மீ. கனெக்டர் கொண்ட 20 டெசிபெல் அட்டென்யுவேட்டர், அதாவது சிக்னலை அந்த அளவுக்குக் குறைக்கும் துண்டு. 18 ஜிகாஹெர்ட்ஸில் நாங்கள் கொடுத்தது 20.31, ரெஃபரன்ஸ் லேபின் மதிப்பு 20.14. எங்கள் அன்சர்ட்டன்ட்டி (அளவில் இருக்கக்கூடிய சந்தேக எல்லை) 0.10, அவர்களுடையது 0.06. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலத்தால் வித்தியாசத்தை வகுத்தால் இஎன், அதாவது ஒப்பீட்டின் மதிப்பெண், 1.46. ஒன்றைத் தாண்டினால் தேறாது. அன்சர்ட்டன்ட்டியை ஊதிக் காட்டினால் இஎன் இறங்கிவிடும், ஆனால் லேபின் அங்கீகார எல்லை அடிவாங்கும். அந்த வழி வேண்டாம்.

அளந்த கருவி விஎன்ஏ (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்). அதன் சான்றிதழ் காலாவதியாகவில்லை. அளப்பதற்கு முன் ஒரு கிட்டிலுள்ள ஸ்டாண்டர்டுகளை மாட்டிக் கருவியைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் முடிந்ததும், அதே கிட்டின் ஓப்பனையும் (திறந்த முனை) ஷார்ட்டையும் (குறுக்கிணைத்த முனை) மாட்டிப் பார்த்தோம். ஸ்கேல் வைத்து இழுத்தது போல 0 டெசிபெல், அதாவது அனுப்பிய சிக்னல் முழுதும் திரும்புகிறது. அதை நம்பியதுதான் தப்பு. கிட் டெஃபினிஷனில் (ஸ்டாண்டர்டுகளின் குணங்களைச் சொல்லும் பட்டியல்) என்ன எழுதியிருக்கிறதோ அதையே கருவி ஒப்பிக்கும், டெஃபினிஷன் தப்பானாலும். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை.

காட்டிக்கொடுத்தது 10 செ.மீ. ஏர்லைன், உள்ளே காற்று மட்டுமே இருக்கும் துல்லியமான இணைப்புக் குழாய். போர்ட்டில் ஏர்லைன், அதன் முனையில் ஷார்ட். அதிர்வெண் ஏற ஏறப் பிரதிபலிப்பு மெல்லச் சரிய வேண்டும். எங்களுக்கோ ஒவ்வொரு 1.5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் ஒரு மேடு; சில மேடுகள் 0 டெசிபெல்லுக்கும் மேலே. வாங்கியதைவிட அதிகமாக ஒரு ஷார்ட் திருப்பித் தருமா? மெனுவைத் திறந்தால், ஒரு போர்ட்டுக்கு மட்டும் கனெக்டர் வகை (ஆண், பெண்) மாறியிருந்தது. சில கருவிகளில் மெனு கேட்பது டெஸ்ட் போர்ட்டின் வகையை, கையிலிருக்கும் ஸ்டாண்டர்டின் வகையை அல்ல.

தேடும்போது இன்னொன்றும் சிக்கியது: எஸ்எம்ஏ என்ற வேறு வகைக் கனெக்டருக்கான 0.56 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் ஸ்பேனர்) 3.5 மி.மீ. கனெக்டரில் போட்டிருக்கிறார்கள். அதற்கு 0.9 வேண்டும். நட்டை மட்டும் திருப்புங்கள். உடலைத் திருப்பினால் நடுப்பின் உரசித் தேயும்.

இதைவிட எரிச்சல், கிட்டின் சான்றிதழ். கிட்டை அளந்து கேலிப்ரேஷன் செய்தவர்கள் வெறும் 'பாஸ்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அளந்த மதிப்பும் இல்லை, அன்சர்ட்டன்ட்டியும் இல்லை. லேபுகளுக்கான தர விதியான ஐஎஸ்ஓ 17025-இன் தணிக்கையில் அது செல்லாது. திருப்பி அனுப்பி வாங்க மூன்று வாரம் போனது. ஆர்டரிலேயே "மதிப்புகளும் அன்சர்ட்டன்ட்டியும் வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

அதே அட்டென்யுவேட்டரை மறுபடி வரவழைத்து அளந்தோம்: 20.17, இஎன் 0.26. இப்போது விஎன்ஏ மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'போர்ட்டைப் பார், கிட்டைப் பார்க்காதே.'