அரை வில்

ஆவணி விடுமுறையில் கிளிநொச்சியில் ஒரு நாள் வயலின் பட்டறை என்று கேள்விப்பட்டபோது நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பட்டறை என்றால் எங்களுக்குத் தெரியாததா? மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ரீயும் வடையும், அப்புறம் நேரம் போதாது. சரி, பிள்ளைகளுக்கு ஒரு பயணமாவது கிடைக்கட்டும் என்று ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மல்லாவியில் காலை பஸ் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி ஏ9 வீதியில் அடுத்த பஸ். ஆறு வயலின் பெட்டிகளையும் பார்த்த நடத்துனர் "கச்சேரியோ ரீச்சர்?" என்றார். முந்தி என்றால் வழியில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து வில்லையும் தூக்கிக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

வளவாளர்கள் இரண்டு பேர். ஒருவர் யாழ்ப்பாணத்தில் கோயில் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர். மற்றவர் கொழும்பில் மேற்கத்திய இசைக்குழுவில் வாசிக்கிற சிங்களப் பெண்மணி. ஒரு பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசிக்கும், அவர்கள் அங்கேயே திருத்துவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு மாஸ்டர் கிளாஸ் என்று பெயராம். 19ஆம் நூற்றாண்டில் வைமாரில் பியானோ மேதை லிஸ்ட் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்றார் அந்த அம்மா. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிழையைச் சபையில் வைத்துச் சொன்னால் பிள்ளை குறுகிப் போகாதா?

முதல் முக்கால் மணித்தியாலம் சுருதி கூட்டுவதிலேயே போனது. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும், தந்தியை முறுக்குகிற பிரடை பிடிக்காமல் வழுக்கும். மாரியில் அதுவே ஊதி இறுகித் திருக முடியாமல் கிடக்கும். யாழ்ப்பாணத்து அண்ணை சட்டைப் பையிலிருந்து சோக்குத் துண்டை எடுத்துப் பிரடையில் தேய்த்தார். கொழும்பு அம்மாவும் தன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சோக்கை எடுத்துக் காட்ட, அதோடு மண்டபம் கொஞ்சம் இளகியது.

அண்ணை மோகன வர்ணம் வாசித்த பிள்ளையைப் பல்லவியிலேயே நிறுத்தினார். "காந்தாரத்தை ஏன் மகள் இப்படி உலுக்கிறீர்? வயலினைக் கீழே வையும். பாடும்." பிள்ளை வெட்கத்தோடு பாடியது. பாடும்போது காந்தாரம் அழகாக நின்றது. "இப்ப பாடினதை வாசியும்." அவ்வளவுதான் அவர் செய்தது. நான் இரண்டு மாதமாகச் சொல்லிக் களைத்துப்போன இடம் அது.

அடுத்து அந்த அம்மா. நாங்கள் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம், அவர் வயலினிலோ ஒவ்வொரு தந்தியும் அடுத்ததிலிருந்து ஐந்தாம் சுரத்தில் நிற்கிறது. நாங்கள் சம்மணமிட்டு வயலினின் தலையைக் காலில் தாங்குகிறோம், அவர் நின்றோ கதிரையிலோ வாசிப்பவர். என்ன சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்தேன். பிள்ளைகளை எழும்பச் சொல்வார் என்று பார்த்தால், அவரே காற்சட்டையோடு பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்த்த ஆசிரியருக்குச் சிங்களம் நன்றாக வரும், சங்கீதம் வராது. "வில்லை மனதார இழுக்கச் சொல்லுறா" என்றார். அவர் சொன்னது முழு வில்லை இழுக்கச் சொல்லி.

முதல் பிள்ளை வில்லின் நடுவோடு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு வயலின் பெரிது, கையை நீட்டினாலும் வில் நுனிவரை போகாது, அதற்கு முக்கால் வயலின் வேண்டும் என்றார். நாலாவது பிள்ளையும் நடுவோடு நின்றதும் அவர் சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கி, இவர்களுக்கு யார் ரீச்சர் என்று கேட்டார்.

மண்டபமே என்னைப் பார்த்தது. அவர் தன் வயலினை நீட்டினார். நான் அதைச் ச-ப-ச-பவுக்கு இறக்கிக் கூட்டி, ஒரு சட்சத்தை இழுத்தேன். வில் பாதியில் நின்றது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. அங்கே ஒரு சுவர் இருப்பதுபோலக் கை தானாக நின்றது.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்தச் சுவர் எதுவென்று பிடிபட்டது. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, அடுத்த வருடம் கிளிநொச்சியும் விழ, நாங்கள் மல்லாவிக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்த ஒரு ரீச்சர் தன் கொட்டிலில் வயலின் சொல்லிக் கொடுத்தார். பத்தடி நீளத்துக்குள் ஆறு பிள்ளைகள், தோளோடு தோள். நான் வலது கோடியில். வில்லை முழுதாக இழுத்தால் கை கிடுகு வேலியில் இடிக்கும். மற்றவர்கள் இழுத்தால் பக்கத்துப் பிள்ளையின் காதில் குத்தும். அதனால் எல்லோரும் அரை வில். தந்தி அறுந்தால் பாஸ், அதாவது பயண அனுமதி, எடுத்து வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆகவே அழுத்தியும் வாசிக்க மாட்டோம். வில்லில் மயிர் 65 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். அதில் பாதியை நான் தொட்டதே குறைவு. பிறகு தரம் தரமாகச் சோதனை எழுதினேன், நியமனமும் கிடைத்தது. ஒருவரும் சொல்லவில்லை, அல்லது சொல்லி நான் கேட்கவில்லை. என் பிள்ளைகள் படிக்கிற வகுப்பறையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கும் வேலியை நான்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ரீச்சரைக் குறை சொல்லி எழுதவில்லை. அந்தக் கொட்டிலில் வேறெப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இப்போது பாய்களை இரண்டு முழம் தள்ளிப் போடுகிறேன். வகுப்பு தொடங்கியதும் பத்து நிமிடம் வர்ணமும் இல்லை, கீர்த்தனையும் இல்லை. ஒரு சுரம், ஒரு வில், பதினாறு எண்ணிக்கை, அடியிலிருந்து நுனிவரை. எண்ணிக்கை பன்னிரண்டு ஆகும்போது சின்னவர்களுக்கு வில் முடிந்துவிடும், சிரிப்பார்கள். எனக்கும் சில நாள் முடிந்துவிடுகிறது. அதனால் இரவிலும் முற்றத்தில் பாய் போட்டு இருந்து இழுக்கிறேன்.

நேற்று பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, ஒரு கிழமையா ஒரே சத்தத்தையே இழுத்துக்கொண்டிருக்கிறாய்? பாட்டெல்லாம் மறந்துபோச்சே?"