தாய்மொழிக் கட்டத்தில் எழுத வேண்டிய பெயர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கோதையாறு, பத்துகாணி, மோதிரமலை பக்கத்துக் காணிக்காரர் பழங்குடியினரின் மொழியைக் காக்க வேண்டும் என்று பேசத் தொடங்குபவர்கள் நேரே அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணைக்குப் போய்விடுகிறார்கள். 22 மொழிகள் உள்ள அந்தப் பட்டியலில் சேர இன்றுவரை முறையான தகுதி விதி கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிக் கட்டம்.

கணக்கெடுப்பு விதிப்படி, ஒருவரிடம் சிறுவயதில் அவரது தாய் பேசிய மொழியே தாய்மொழி. சொன்ன பெயரைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளருக்கு அறிவுறுத்தலும் உண்டு. நடப்பது வேறு. வருகிறவர் தமிழில் கேட்பார், வீட்டிலும் தமிழில் பதில் சொல்வார்கள். "தமிழ்தானே?" என்றபடி அவரே எழுதிவிடுவார். குடும்பத் தலைவருக்கு எழுதியதையே மற்றவர்களுக்கும் நிரப்பிவிடுவதும் உண்டு. எனவே ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டுக்கும் 2011 படிவத்தில் வேறு இடம் இருந்தது: தெரிந்த பிற மொழிகள், இரண்டு வரை. தாய்மொழியை மாற்றிச் சொன்னால் சாதிச் சான்றிதழுக்குச் சிக்கல் வருமோ என்ற பயம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம்.

அடுத்த சிக்கல் பெயர். 2011-இல் மக்கள் சொன்ன 19,569 பெயர்களைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கினார்கள். அவற்றில் 10,000 பேருக்கு மேல் பேசுபவை மட்டுமே பட்டியலில் தனியாக வந்தன, மீதியெல்லாம் 'பிற'. தமிழ்நாட்டில் காணிக்காரர் சில ஆயிரம் பேர்தான். திருவனந்தபுரம் பக்கம்தான் அதிகம். ஒரு குடியிருப்பில் 'காணி', அடுத்ததில் 'காணிக்காரர்', இன்னொன்றில் 'மலம்பாஷை' என்று சொன்னால் எண்ணிக்கை சிதறும். இரு மாநிலத்து மூட்டுக்காணிகளும் (ஊர்த்தலைவர்களும்) முன்கூட்டியே பேசி ஒரே பெயரை முடிவுசெய்வது நல்லது. தொடக்கப்பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு வழிசெய்கிறது. ஆனால் கணக்கிலேயே இல்லாத மொழிக்குப் பாடநூல் கேட்டால் எந்த அதிகாரி அசைவார்?

350-ஆவது பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்க அது உரிமை தருகிறது. திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் காணி மொழியில், தமிழ் எழுத்தில், எழுதிப் போகலாம். கூடவே தமிழாக்கம் ஒரு தாள் இணைக்காவிட்டால் மனு மேசையிலேயே கிடக்கும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

தமிழ்நாடு அரசின் 2024 பட்ஜெட்டில் தோடா, கோத்தா, சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட வேலைகளில் கொக்கரை என்ற இரும்பு இசைக்கருவியை உரசிப் பாடும் பாட்டை மட்டும் பதிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். மரச்சீனி பிடுங்கும்போதும், ரப்பர் பால்வெட்டும்போதும், பேரனைத் திட்டும்போதும் வரும் பேச்சில்தான் இலக்கணம் இருக்கிறது. வாட்ஸ்அப் குரல்பதிவு போதாது, அது ஒலியைச் சுருக்கிவிடும். சுருக்காத 'வேவ்' கோப்பாக, ஆற்றிரைச்சலும் தகரக்கூரை மழையும் இல்லாத இடத்தில் பதிய வேண்டும். மருந்துச்செடி பற்றிய பேச்சைத் தனிக் கோப்பில் வைத்து, ஊர்க்கூட்டம் சம்மதிக்கும்வரை வெளியே விடக் கூடாது. வனஉரிமைச் சட்டம், 2006 மரபறிவைச் சமூகத்தின் உரிமையாகவே வைத்திருக்கிறது.