ஃபால் ஃபெஸ்டிவலுக்கு வாண்டுகளோடு போகும்போது

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அக்டோபர் வந்தாலே ஃபால் ஃபெஸ்டிவல் (இலையுதிர்கால விழா) அறிவிப்பும் வந்துவிடும். பி.டி.ஏ. என்னும் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் பெற்றோர் சேர்ந்து நடத்துவது, பெரும்பாலும் வெள்ளி மாலையில். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரம்தான் வாண்டுகளுக்கானது. அதற்குப் பிறகு நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் திரண்டு வந்துவிடுவார்கள். இருட்டிவிடும், குளிர் ஏறும், எல்லா வரிசையும் நீளும்.

கிளம்பும் முன் வீட்டிலேயே கொஞ்சம் தயிர்சாதம் ஊட்டிவிடுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பீட்ஸா, ஹாட் டாக், சில்லி (இறைச்சியும் பீன்ஸும் சேர்த்த காரக் குழம்பு). சைவக் குடும்பங்கள் கேட்டே வாங்க வேண்டும். பேக்ட் பீன்ஸ் பார்க்க நம் பயறு மாதிரி இருக்கும். பல சமயம் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும். மார்ஷ்மெல்லோவிலும் கேண்டி கார்ன் என்னும் சோளமணி வடிவ மிட்டாயிலும் வழக்கமாக விலங்குப் பொருளான ஜெலட்டின் உண்டு.

வரம்பில்லாமல் விளையாட விற்கும் ரிஸ்ட்பேண்ட் (மணிக்கட்டுப் பட்டை) மூன்று வயதுக்காரருக்கு வீண். நாலைந்து விளையாட்டிலேயே களைத்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு டிக்கெட் போதும். மிஞ்சினால் பெரும்பாலும் பணம் திரும்பாது என்பதால் குறைவாகவே தொடங்குங்கள். சில்லறை நோட்டாகப் பணமும் வேண்டும். மைதானத்தில் கார்டு இயந்திரம் சிக்னல் கிடைக்காமல் நின்றுபோகும்.

உள்ளே போனதும் முகத்தில் வண்ணம் தீட்டும் இடத்துக்கு முதலில் போங்கள். சீக்கிரமே மிக நீண்டுவிடும் வரிசை அது. முழு முகம் வேண்டாம், அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார இந்த வயதில் முடியாது. புறங்கையில் ஒரு சின்னப் பூசணி போதும், இரண்டு நிமிட வேலை. தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு முழு முகத்தைவிட அதுவே பாதுகாப்பும்கூட.

அடுத்தது காற்றடைத்த பவுன்ஸ் ஹவுஸ். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பெரிய பிள்ளை குதித்து இறங்கும் விசையில் பக்கத்தில் நிற்கும் சின்னது தூக்கி எறியப்படும். இப்படிக் கையோ காலோ முறிவதும் உண்டு. ஆகவே ஒத்த உருவமுள்ள பிள்ளைகள் மட்டும் உள்ளே இருக்கும் சுற்றுக்குக் காத்திருங்கள். வாசலில் ஒரு பெரியவர் நிற்காவிட்டால் ஏற்றாதீர்கள். தரையோடு கட்டிய கயிறுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை. காற்று பலமாக வீசினால் உடனே இறக்கிவிடுங்கள், பிள்ளை அழுதாலும் சரி.

விளையாட்டுகளில் வாத்து பிடிப்பதுதான் இந்த வயதுக்குப் பொருத்தம்: தண்ணீரில் மிதக்கும் வாத்தை எடுத்து, அடியில் உள்ள எண்ணுக்கு ஏற்ற பரிசு. யாரும் தோற்பதில்லை. கேக் வாக் நம்ம ஊர் சங்கீத நாற்காலிக்குச் சொந்தம். தரையில் எண் எழுதிய கட்டங்களைச் சுற்றி நடக்க வேண்டும், பாட்டு நின்றதும் ஒரு சீட்டு எடுப்பார்கள், அந்த எண்ணில் நிற்பவருக்குக் கேக். நீங்களும் கைபிடித்து நடக்கலாம்.

பாப்கார்ன், கெட்டி மிட்டாய், முழுக் கடலை மூன்றும் நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் சைடர் (வடிகட்டாத ஆப்பிள் சாறு) பாஸ்சரைஸ் செய்ததா, அதாவது கிருமி சாகச் சூடாக்கியதா என்று கேளுங்கள். அப்படிச் செய்யாத சாற்றைப் புட்டியில் விற்றால்தான் எச்சரிக்கை லேபிள் கட்டாயம், கோப்பையில் ஊற்றித் தருவதற்கு இல்லை.

வாகன நிறுத்தத்தில் டிரங்க் ஆர் ட்ரீட் இருந்தால், அலங்கரித்த காரின் பின்பக்கத்திலிருந்து மிட்டாய் தருவார்கள். எலும்புக்கூடு வைத்துப் பயமுறுத்தும் கார்களை நீங்கள் முதலில் நோட்டம் விட்டு, அந்தப் பக்கம் போகாமல் திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். நீலப்பச்சை வண்ணப் பூசணி வைத்திருந்தால், அங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று பொருள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரவிய வழக்கம் இது.

பிள்ளைக்கு வேஷம் போட்டுக் கூட்டிப் போவதானால் முகமூடி வேண்டாம், கண்ணை மறைக்கும். உள்ளே ஒரு கதகதப்பான பனியன், உடை கணுக்காலுக்கு மேல். உங்கள் போன் நம்பரை முன்கையின் உள்பக்கம் பேனாவால் எழுதுங்கள். கிளம்பும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், பிள்ளை தொலைந்தால் என்ன உடை என்று யோசிக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது பஞ்சு வைத்த வேஷத்தையும் தடித்த ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டே கார் சீட்டில் உட்கார வையுங்கள். மோதும்போது பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டை மேலே போர்வையாகப் போர்த்தலாம். கையில் உள்ள வண்ணம் சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். போகாவிட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள்.