சவ்தா வீட்டுப் பஸ்கா

நாகர்கோவிலில் ஞாயிறு பள்ளிக்குப் போன காலத்திலேயே பஸ்கா என்ற சொல் எனக்குப் பழக்கம். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டார்கள், மாவு புளிக்க நேரமில்லை, அதனால் புளிப்பில்லாத அப்பம். அவ்வளவுதான் தெரியும். அதற்காக ஒரு வீட்டையே புரட்டிப் போடுவார்கள் என்பது, இஸ்ரேலின் ரமத் கான் நகரில் சவ்தாவைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சவ்தா என்றால் எபிரேயத்தில் பாட்டி. பாக்தாத்தில் பிறந்தவர். 1950, 51-ல் ஈராக்கிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் விமானங்களில் வந்து இறங்கியபோது சிறுமியாக வந்தவர். இறைச்சிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு வேறு பாத்திரம் என்ற கோஷர், அதாவது யூத உணவு முறை எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. ஆனால் நான் நறுக்கி, மசாலா போட்டுத் தயார் செய்த பானையை அடுப்பில் ஏற்றுவது மட்டும் சவ்தாதான். நடுங்கும் கையால் பிடித்து வைப்பார். என் மேல் நம்பிக்கை இல்லையோ என்று வருத்தமாக இருந்தது. யூதர் அல்லாதவர் மட்டுமே சமைத்ததை உண்ணக் கூடாது என்பது விதி, அதனால் அம்மா கை வைக்கிறார் என்று மகள் பொறுமையாக விளக்கினார்.

பஸ்காவை அங்கே பெசாஹ் என்பார்கள். பூரிம் பண்டிகை முடிந்து ஒரு மாதத்தில் அது வந்துவிடும். கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலான ஐந்து தானியங்களின் மாவு, தண்ணீர் பட்டுச் சுடாமல் 18 நிமிடம் கிடந்தால் அது ஹமேட்ஸ். ஏழு நாளைக்கு அதைச் சாப்பிடவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் இடுக்கைப் பல்குச்சியால் நோண்டினேன். சோபா மெத்தைகளைக் கழற்றினேன். கோட்டுப் பைகளில்கூட பிஸ்கட் தூள் இருந்தது. உலோகப் பாத்திரங்களை ஒரு நாள் முழுக்கப் புழங்காமல் வைத்து, கொதிக்கும் நீரில் முக்கி, பச்சைத் தண்ணீரில் அலசினோம். மண் சட்டி தனக்குள் இழுத்ததை விடாது என்பதால் அதற்கு இந்த வழி கிடையாது. கட்டி அலமாரியில் பூட்டிவிட்டோம்.

அந்த அலமாரியில் இருந்த ஹமேட்ஸையெல்லாம் ரபி என்ற யூத மதகுரு மூலமாக யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். பெயருக்குச் செய்வது என்று நினைத்தேன். இல்லை, முறையாகக் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்போதுதான் என் பெருங்காய டப்பா நினைவுக்கு வந்தது. லேபிளைப் படித்தால் கோதுமை மாவு! எனக்குப் பகீரென்றது. சவ்தா ரபியிடம் போனில் கேட்டார். அது உன் சொத்து, விற்க வேண்டாம், உன் அறையிலேயே மூடி வை, அடுக்களைக்கு மட்டும் கொண்டுவராதே என்று பதில் வந்தது. என் பொருளுக்கும் இவ்வளவு யோசிக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்துபோனேன்.

எதிர்வீட்டில் போலந்திலிருந்து வந்த குடும்பம். அவர்கள் வழக்கத்தில் அந்த வாரம் அரிசியே கிடையாது. ஈராக் யூதர்களுக்கு உண்டு. ஆனால் கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். தட்டில் அரிசியைப் பரப்பி நானும் சவ்தாவும் எதிரெதிரே உட்கார்ந்து மணி மணியாகத் தள்ளினோம். அம்மா முறத்தில் கல் பொறுக்கியது கண்முன் வந்தது. இரண்டாம் சுற்றில் ஒரு கோதுமை மணி அகப்பட்டது. “பார்த்தாயா பின்தி” என்று சவ்தா சிரித்தார். பின்தி என்றால் மகளே.

பண்டிகைக்கு முந்தின நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியோடு கடைசித் தேடல். பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைப்பது என் வேலை. இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டேன்; ஒன்று தப்பினாலும் வீடெல்லாம் மறுபடி தேட வேண்டும். காலையில் அவற்றை எரித்தார்கள்.

பெசாஹ் தொடங்கும் சேதர் விருந்து இரவில் பேரன் மட்ஸா என்ற புளிப்பில்லாத அப்ப மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“எங்கிருந்து வருகிறாய்?”

“எகிப்திலிருந்து.”

“எங்கே போகிறாய்?”

“எருசலேமுக்கு.”

சவ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாக்தாத்திலும் இப்படித்தான் கேட்பார்களாம்.

ஏழாம் நாள் இருட்டிய பிறகு பெருங்காய டப்பாவை அடுக்களைக்கு எடுத்து வந்தேன். மறுநாள் ரசத்துக்குப் புளி கரைத்து, எல்லாம் சேர்த்துப் பானையை நீட்டினேன். சவ்தா வாங்கி அடுப்பில் வைத்தார்.