கண்ணாடிக் குழாயில் தண்ணி

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் மருமகனின் ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். நெல் அவிக்கிற உமி பாய்லர் பக்கத்தில் பையன் ஒருத்தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணி எவ்வளவு இருக்குது கண்ணு?"

பாய்லரின் தண்ணி மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயை அண்ணாந்து பார்த்தான். "ஃபுல்லா இருக்குதுங்க."

எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. அந்தக் குழாயில் பாதி தண்ணி இருந்தால்தான் கோடு தெரியும். முழுசா நிறைந்திருந்தாலும் சரி, சுத்தமா காலியாக இருந்தாலும் சரி, பார்வைக்கு ஒரே மாதிரிதான். நிறைந்திருக்கிறது என்று நம்பி, காலியான பாய்லரில் தீ போட்டுக்கொண்டே இருந்தால் பாய்லருக்குள் இருக்கும் குழாய்கள் பழுத்துப்போகும். பதறிப்போய் பச்சைத் தண்ணியை உள்ளே விட்டால் அதைவிட மோசம்.

கடற்படையில் என் வேலையே இதுதான். இன்ஜினியரிங் வாட்ச் ஆபீசர். வாட்ச் என்றால் முறை போட்டுப் பார்க்கும் வேலை; ஒரு வாட்ச் 4 மணி நேரம். சாயங்காலம் 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டி 'டாக் வாட்ச்' என்பார்கள்; இல்லாவிட்டால் நடுச்சாமம் 12 மணி வாட்ச் தினமும் ஒருத்தன் தலையிலேயே விழும். அன்று நாங்கள் ஓட்டியது நீராவிக் கப்பல்: இரண்டு பாய்லர், சதுர அங்குலத்துக்கு 550 பவுண்ட் அழுத்தம், 30,000 குதிரைத் திறன். அந்த அழுத்தத்தில் சூடேறிய நீராவி கசிந்தால் கண்ணுக்கே தெரியாது. சத்தம் மட்டும் வரும். விளக்குமாற்றுக் குச்சியில் துணியைக் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டே போவோம். வெறுங்கையை நீட்டினால் கை போச்சு. (இன்றும் விக்கிரமாதித்யா விமானம் தாங்கிக் கப்பலில் 8 பாய்லர் உண்டு. அங்கே வாட்ச் பார்க்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.)

வாட்சில் பெரிய வேலை கடைசி 3 மணி நேரம் இல்லை, முதல் கால் மணி நேரம்தான். முந்தைய ஆள் சொல்வதைக் கேட்டு, லாக் புத்தகத்தைப் பார்த்து, ஒரு சுற்று நடந்து, பேரிங்கைத் தொட்டு, கப்பலின் அடிப்பள்ளமான பில்ஜில் தண்ணி ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் "வாட்ச் என்னுது" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் எது நடந்தாலும் பொறுப்பு உன்னுது.

நான் அப்படிச் செய்யாத ஒரு ராத்திரி உண்டு. எந்தக் கப்பல் என்பது வேண்டாம். முந்தைய ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டு "எல்லாம் நார்மல்" என்றார். நானும் அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாய்லருக்குப் போகும் தண்ணியைச் சோதித்த பையன் சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டால் தெளிவாக நிற்க வேண்டிய தண்ணி, மோர் மாதிரி வெளுத்திருந்தது. நீராவியைக் கடல் தண்ணியால் குளிரவைத்துத் திரும்பத் தண்ணியாக்கும் கண்டென்சரில் எங்கோ ஒரு குழாய் ஓட்டை. கடல் தண்ணி உள்ளே வந்துவிட்டது.

கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்குச் சொல்லி ஒரு இன்ஜினை நிறுத்தினோம். என் மேலதிகாரியான பெரியவரை எழுப்பினேன். அவர் லுங்கியோடு வந்து லாக்கைப் புரட்டினார். முந்தைய 4 மணி நேரத்து எண்கள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே மையில். ஒரே மூச்சில் எழுதியது! அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கீழே விரலை வைத்து, "இந்தக் கையெழுத்து உன்னுதுதானே?" என்றார். அவ்வளவுதான்.

மில்லில் நான் குழாயின் அடி வால்வைத் திறந்தேன். தண்ணி புஸ்ஸென்று கொட்டியது. மூடினேன், திரும்ப ஏறி உச்சிக்கே போய்விட்டது. நல்லவேளை, காலி இல்லை. பம்பை நிறுத்த மறந்து வழிய வழிய நிரப்பியிருக்கிறான். அதுவும் தப்புதான், நீராவியோடு தண்ணி போய் நெல்லை நனைக்கும்.

"ஏனுங்க மாமா, இன்னும் கப்பல்லயே இருக்கறீங்களா?" என்று மருமகன் சிரித்தான். குழாய்க்குப் பின்னால் ஒரு பல்பு போடச் சொன்னேன், கோடாவது தெரியும். "செரிங்க மாமா" என்றான்.

நேற்று போனில் கேட்டேன். இன்னும் போடவில்லை.